வியாழக்கிழமையில் வந்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் 15, திங்கள்

நல்ல பனி. ஐந்தரை மணி பஸ். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என்னையும் என் வீட்டுக்காரரையும் தவிர நான்கைந்து பேர்தான். இவருக்கு நான்கு இட்லி, சட்னி இல்லாமல். எனக்கு அதே.

பெரம்பலூரில் இவருக்கு டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும். தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்த நோட்டே இவர் குடிக்கும் தண்ணீரை எழுதிவைக்க வாங்கியதுதான். முன்பக்கம் தண்ணீர், பின்பக்கம் என் புலம்பல்.

மிஷினில் ஏறும்போது எடை 61.8. இறங்கும்போது 59.4.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் சொன்னார்.

"ஸ்டெல்லா, கிறிஸ்துமஸ் முடியட்டும். அதோட இத விட்டுடலாம்."

எதை என்று கேட்டேன்.

"இந்த மிஷினத்தான். போதும்னு தோணுது."

"விட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். பத்து நாளு, மிஞ்சுனா பதினஞ்சு."

லாரியில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றிப் போன காலத்தில் திரும்பிவரும் நாளை எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் வரும்வரை தைக்க வேண்டிய பிளவுஸ்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று. லைனிங் வைத்தது ஆறு.

மகள் ஓசூரில் இருக்கிறாள். அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

டிசம்பர் 17, புதன்

மேகமூட்டம். துணி காயவில்லை.

பிளவுஸ் மூன்று முடிந்தது. துணி தைக்கக் கொடுக்க ஆண்டிமடத்தில் இருந்து வரும் அக்கா இரண்டு கை முந்திரி கொடுத்துவிட்டுப் போனார். இவர் தொடக் கூடாது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் டின்னுக்கு முன்னால் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டுக் குடில் வேலை ஆரம்பம். சிமெண்ட் காகிதப் பையைக் கசக்கி மலை செய்தார். ஊசி போடும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையாலேயே. சூசையப்பர் பொம்மையின் தடி உடைந்திருக்கிறது. என் தையல் பெட்டியில் இருந்து ஒரு பெரிய ஊசியை எடுத்துப் பொம்மையின் கையில் செருகினார். "டெய்லர் வூட்டு சூசையப்பர்" என்றார். சிரித்தேன். பிறகு உள்ளே போய் முகம் கழுவினேன்.

விட்டுவிடலாம் என்று சொன்ன மனுஷன் குடிலுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்.

டிசம்பர் 18, வியாழன்

ஏறும்போது 62.1. முந்திரியா, தண்ணீரா, தெரியவில்லை.

அந்த அறையில் ஆறு கட்டில். எங்களுக்கு அடுத்த கட்டில் கலியபெருமாள் அண்ணன். விக்கிரமங்கலம். நெல்லும் நாலு மாடும். வயது அறுபத்தைந்து இருக்கும். கூட வருவது அவர் மனைவி தங்கம்மாள் அக்கா. பதினான்கு மாதமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சொந்தத்தில்கூட இவ்வளவு பேசியதில்லை.

இன்று அண்ணனே ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி, ஒங்க சாமி மாட்டுக் கொட்டாயிலயா பொறந்துச்சு?"

"ஆமாண்ணே. சத்திரத்துல எடம் இல்லன்னுட்டாங்க. அப்புடி ஒண்ணும் இல்லாதவரா வந்து பொறந்தாரு."

"அதுல என்னா இல்லாம போச்சு? மார்கழிப் பனிக்குக் கொட்டாய விட கதகதப்பு எங்க இருக்கு? நாலு மாடு மூச்சு வுட்டா போதும், அடுப்பு வச்ச மாதிரி இருக்கும். எங்க மூத்தவன் பொறந்தப்ப கூர ஒழுவிச்சு. இவளையும் புள்ளையையும் கொட்டாயிலதான் படுக்க வச்சேன். என்னா தங்கம்?"

"ஆமா, பெருசா செஞ்சாரு. விடிஞ்சு பாத்தா முந்தானைல பாதிய மாடு தின்னுடுச்சு."

இவர் சிரித்த சிரிப்பில் கை ஆட, நர்ஸ் தேன்மொழி ஓடிவந்தது. "ஊசி இருக்குல்ல சார், கைய ஆட்டாதீங்க."

அண்ணன் விடவில்லை. "எடம் இல்லன்னு மனுசன்தான் சொல்வான். மாடு சொல்லாது தம்பி. நவுந்து படுத்துக்கும்."

ஐம்பது வருஷம் கிறிஸ்துமஸ் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஏழ்மை, தாழ்மை, குளிர். அங்கே கதகதப்பாக இருந்திருக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை. மாதாவுக்கு முதுகு நடுங்கியிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கொஞ்சம் ஆறுதல்.

நானும் அக்காவும் டீ குடித்துவிட்டு வந்தபோது இருவரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

வெயில். பூசைக்கு நான் மட்டும். இவருக்கு அசதி.

கிறிஸ்துமஸுக்கு முன் வாரம் ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்தியில் நான்காவதை ஏற்றினார்கள். பிரசங்கம் இம்மானுவேல் என்ற பெயரைப் பற்றி. கடவுள் நம்மோடு. சாமியார் நன்றாகத்தான் பேசினார். எனக்குத்தான் கோபம் வந்தது. நம்மோடு இருக்கிறீர், சரி. இருந்து என்ன செய்கிறீர்? திங்களும் வியாழனும் நானும்தான் அந்த ஸ்டூலில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம் குழாயில் போய் வருவதைப் பார்ப்பதைத் தவிர என்னால் ஆவது ஒன்றும் இல்லை. உம்மாலும் அவ்வளவுதானா?

சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போதும் இதையேதான் கேட்டேன்.

வெளியே கேக் சீட்டு விற்றார்கள். ஒரு கிலோ போதும் என்றேன். பிறகு அரைக் கிலோவாக மாற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

பனி. பஸ் இருபது நிமிடம் தாமதம்.

அடுத்த கட்டிலில் ஆள் இல்லை.

அந்த அறையில் கட்டில் காலியாக இருந்தால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டோம். இவர் கேட்டார். தேன்மொழி, "போன் போட்டேன் சார், எடுக்கல" என்றது. மிஷினில் இருந்தபடியே வலது கையால் இவர் போன் போட்டார். மூன்றாவது முறை தங்கம்மாள் அக்கா எடுத்தார்கள். நெடுநேரம் அக்காதான் பேசினார்கள். இவர் "ம்" மட்டும். போனை வைத்தபோது முகம் சுண்ணாம்பு மாதிரி.

"என்னங்க?"

"உசுரோடதான் இருக்குறாரு. வர மாட்டேங்குறாராம். நாளைக்கி விக்கிரமங்கலம் போவணும். நீயும் வா."

டயாலிசிஸ் முடிந்த மறுநாள் இவர் படுக்கையை விட்டு எழுவதே அதிகம். நான் தடுக்கவில்லை. தடுக்கிற முகமாக அது இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணி பஸ். இறங்கி விசாரித்துப் போனோம். அண்ணன் வீட்டுக்குள் இல்லை. கொட்டாயில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், இரண்டு நாளாக உட்கார்ந்தேதான் தூக்கம். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

தங்கம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் இவரைப் பார்த்து, "ஏன்ப்பா ஒடம்பு முடியாம இவ்ளோ தூரம்" என்றார். பிறகு, விட்டு விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு: "நீதானே சொன்ன. கிறிஸ்துமஸோட வுடுறேன்னு. நாலு ஊரு சுத்துன மனுசன், ஒனக்குத் தெரியாததா. நானும் யோசிச்சேன். எனக்கு எந்தப் பண்டிகைய பாக்கணும், இப்பவே வுட்டுடுவோம்னு. இவளுக்கும் அலைச்சல் மிச்சம்."

வியாழக்கிழமை நாங்கள் டீ குடிக்கப் போனபோது பேசியது இதுதான்.

இவர் நின்றபடி கேட்டார். பிறகு கட்டிலில் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை இல்லை. அரை மணி இருக்கும். நாலு மாடும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒரு கன்று வந்து இவர் வேட்டியை நக்கியது. அண்ணனின் மூச்சுச் சத்தம் மட்டும், ரம்பம் இழுப்பது போல. நான் வாசலிலேயே நின்றேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு."

"தப்பு என்னா. நீ எடுத்த முடிவு."

"முடிவெல்லாம் எடுக்கல. அலுப்புல சொன்னது. நான் நாளான்னைக்கி வியாழக்கெழம போறேன். நீங்க பக்கத்துல இல்லாம நேத்தி எனக்கு நாலு மணி நேரம் ஓடவே இல்ல."

"அப்பறம்?"

"அதுக்கப்பறம் திங்கக்கெழம."

"அப்பறம்?"

"வியாழக்கெழம."

அண்ணன் இவர் முகத்தையே பார்த்தார். "நெசமா சொல்றியா? என்ன கூட்டிட்டுப் போய் படுக்க வச்சிட்டு நீ வுட்டுடுவியா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "வுட மாட்டேன்."

தங்கம்மாள் அக்கா உள்ளே ஓடிப் பையை எடுத்து வந்தார்கள். பை கட்டித் தயாராகவே இருந்திருக்கிறது. தேன்மொழிக்குப் போன் போட்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, "உடனே கெளம்புங்க அக்கா, ரெண்டாவது ஷிப்டுல ஒரு மிஷின் இருக்கு" என்றது. பக்கத்து வீட்டு வேன். முன்சீட்டில் அண்ணன், பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்தபடி இவர். இரண்டு மணிக்கு ஊசி போட்டார்கள். ஆறு மணிக்கு அண்ணன் மல்லாந்து படுத்துத் தூங்கினார். அக்கா அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "என்கிட்ட சொன்னீங்க சரி. அவருகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"ஒங்கிட்ட சொன்னேன். நீ ஒண்ணுமே பேசல. யாருகிட்டயாச்சும் பேசணும்ல."

இதை எதிர்பார்க்கவில்லை. பிளவுஸ் எண்ணிக்கொண்டு வந்தேனே, அந்த நாள். என்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிய வாய். பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தும் நான் இவரோடு இல்லை.

"பயமா இருந்துச்சுங்க. அதான் பேசல."

"எனக்கும்தான்."

அரியலூர் வரும்வரை பேசினோம். ஊசி வலி, அவருடைய தாகம், மகள் கல்யாணம், இவருக்குப் பிறகு நான் தனியாக இருப்பது பற்றி, எல்லாம். இறங்கியபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

டிசம்பர் 24, புதன்

கொடுக்க வேண்டிய கடைசி பிளவுஸ் மதியம் இரண்டுக்குக் கொடுத்தாயிற்று.

முறுக்கு, சரி. அதிரசம், உதிர்ந்துவிட்டது. கேக், வாங்கியாயிற்று. இவருக்கு ஒரு விரல் அளவு, டாக்டர் அனுமதி. புதுச் சட்டை: இடது கையைத் தாராளமாக வைத்து, முழங்கைக்கு மேலே பட்டன் போட்டுத் திறக்கும்படி நானே தைத்தது. போட்டுப் பார்த்து, "இதுக்குப் பேரு என்ன மாடல்?" என்றார்.

இராப் பூசைக்குப் போகவில்லை. பனியில் நிற்க முடியாது, விடியற்காலை பஸ் வேறு. நீ போய் வா என்றார். நான் போகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் குடில் முன்னால் இரண்டு நாற்காலி போட்டோம். பாலகன் பிறந்த பகுதியை இவர் வாசித்தார். சத்திரத்தில் இடமில்லை என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு. ஜெபத்துக்கு நடுவில் சிரித்தது இதுவே முதல் தடவை.

மகள் போன். அப்பா எப்படி என்றாள். "கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருந்தாரு, இப்பப் பரவால்ல" என்றேன். நிஜத்தைச் சொன்னேன். சனிக்கிழமை வருகிறாளாம்.

டிசம்பர் 25, வியாழன்

பஸ்ஸில் கூட்டம் இல்லை. டிரைவர் "ஹேப்பி கிறிஸ்துமஸ்" என்றார். இவர் புதுச் சட்டை.

ஏறும்போது 61.0. பரவாயில்லை.

கலியபெருமாள் அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து படுத்திருந்தார். வீக்கம் வடிந்து முகம் சின்னதாகத் தெரிந்தது.

"பொறந்த நாளு வாழ்த்து தம்பி."

"எனக்கு இல்லண்ணே. அவருக்கு."

"ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அண்ணன்.

தங்கம்மாள் அக்கா எனக்கு ஒரு தூக்கில் பால் பாயசம் கொண்டுவந்தார்கள். "இவங்க ரெண்டு பேரும் குடிக்க முடியாது, நாம குடிப்போம்" என்று வெளியே கூட்டிப்போனார்கள். வராண்டாவில் நின்று குடித்தோம். ஏலக்காய் தூக்கல். நான் வாழ்க்கையில் குடித்த நல்ல பாயசங்களில் ஒன்று. தேன்மொழிக்குக் கேக் கொடுத்தேன்.

பிறகு என் ஸ்டூல். நாலு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது, பதில் கிடைத்துவிட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் இவர் பேசாமல் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் ஏதோ நடந்தது. அதை இவர் செய்யவில்லை. மருந்தும் செய்யவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் பஸ் ஸ்டாண்ட் போகும் வழியில் மாதா கோவில் திறந்திருந்தது. பூசையெல்லாம் முடிந்து ஆள் இல்லை. தரையெங்கும் ஜிகினாத் தாள். ஒரு அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். "உக்காருங்க, நான் அந்தப் பக்கம் பெருக்குறேன்" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்தில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் திறந்து, லேசான குறட்டை. நான் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. எதுவும் கேட்கவில்லை. தோள் மரத்துப்போனது. அசையவில்லை. ஒரு பஸ்ஸை விட்டோம். அடுத்ததையும்.

டிசம்பர் 29, திங்கள்

பனி இல்லை, தூறல். மகள் இன்னும் தூங்குகிறாள். நான் எழுவதற்குள் இவர் குளித்து, சட்டை மாட்டி, வாசல் லைட்டைப் போட்டுவிட்டு யாரிடமோ போனில் அதட்டிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, என்னா இன்னும் பல்லே வெளக்கலயா? கெளம்புங்க."