வலது கையில் கோலாக்கொட்டை

மார்ச் 3, 1981. பெனின் நகரம்

மின்சாரம் இல்லை. என் ஓவியம் காயவும் இல்லை. பட்டறையில் பாதியை, என்னோடு அதைப் பகிர்ந்துகொள்ளும் இயோபோசாவின் பலகை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊர் மண்டபத்துச் சுவருக்கு மரத்தில் செதுக்கி அச்சுப்படம் செய்கிறாள்: விருந்தாளிக்கு ஒருத்தி, இங்கே வெற்றிலை பாக்குபோல வரவேற்புக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டையை நீட்டுகிறாள். துணியில் அச்சடிப்பாள், செம்பைத் தட்டுவாள், சுவரொட்டி வரைவாள், இப்போது ஆளுயர மரப்பலகையையும் செதுக்குகிறாள். எனக்கு ஓவியம் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. வயிறு எரிகிறது. ஆனாலும் அவள் உளி பிடிக்கும் அழகைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 9

பலகையில் மை தடவி, காகிதம் விரித்து, இருவரும் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். காகிதத்தை உரித்ததும் கூவிவிட்டேன். அந்தக் கண்கள்! தலைக்கட்டின் அந்த மடிப்பு! அவள் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கையைப் பாருடா."

இடது கை. விருந்தாளிக்குக் கோலா இடது கையில்! அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பித்தான் விழும் — முதல் வருஷத்துப் பாடம். எப்போதும் மெல்லிய தாளில் வரைந்து, கவிழ்த்துத்தான் பலகைக்கு மாற்றுவாள். இது பெரிசு என்று நேரே மரத்திலேயே வரைந்துவிட்டாள். நானும் பக்கத்திலேதானே இருந்தேன்? எனக்கு எங்கே போச்சு புத்தி?

"யாரும் கவனிக்கமாட்டாங்க" என்றேன்.

"மண்டபத் தலைவர் எராபோர் ஐயாவா? பேரப்பிள்ளை இடது கையில தண்ணி கொடுத்தாலே கோப்பையைத் தட்டிவிடுற ஆளு! இதை மாட்டினா இந்த ஊர்ல என் பேரே போச்சு."

மார்ச் 10

அவள் சாப்பிடவில்லை. நான் வாங்கிவந்த அகாரா வடை ஆறிப்போனது. சனிக்கிழமை திறப்பு விழா. புதிதாகச் செதுக்க ஒரு மாசம் வேண்டும்.

மார்ச் 11

பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு? காகிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு, பலகைக்கே வண்ணம் தீட்டுகிறாள். பள்ளங்களில் செம்மண் நிறம், மேடுகளில் மையின் கறுப்பு, கழுத்தில் செம்புத் தகடு.

"இனி ஒரு பிரதிகூட எடுக்க முடியாதே!" என்று கத்தினேன்.

"எதுக்குடா பிரதி? மரத்துல அவ வலது கையாலதானே கொடுக்கறா!"

மார்ச் 14

திறப்பு விழாவுக்கு எராபோர் ஐயா கைத்தடியோடு வந்தார். பலகை முன்னால் நின்றார். அப்புறம் மெல்ல வலது கையை நீட்டி, அந்தக் கொட்டையைத் தொட்டார், வாங்கிக்கொள்வதுபோல.

"யார் வீட்டுப் பொண்ணும்மா இவ? எவ்வளவு மரியாதையா கொடுக்கறா!"

இயோபோசா வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

ஆகஸ்ட் 2

லாகோஸ் காட்சிக்கூடத்திலிருந்து ஒருவர் வந்தார். அச்சுப்படங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "பலகைகள் எங்கே?" என்றார். இப்போதெல்லாம் பட்டறையில் எங்கே பார்த்தாலும் அவள் வண்ணம் தீட்டிய பலகைதான். எனக்குத்தான் நிற்க இடமில்லை.

அவளைத் திட்டவேண்டும் என்று கிளம்பினவன், மரக்கடைக்குப் போய் நானும் ஒரு பலகை வாங்கிவந்தேன். பார்த்துவிட்டாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். தன் உளிகளில் நல்லதாக ஒன்றை எடுத்து நீட்டினாள், வலது கையால்.