மலை இடப்பக்கம் இருந்த காலை

எனக்குக் கால் வலிக்கவில்லை. அன்று காலை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான், அக்கா.

இன்று செங்கம் பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த அம்மாள் தைலப் புட்டியைத் திறந்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். ஜன்னல் திறந்திருந்தும் நான் இறங்கும்வரை அந்த வாசனை போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. அப்போது உங்களுக்கு நாற்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள், வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு தாளோடு வந்தீர்கள். ஓடிப் பழக்கமே இல்லாதவர்கள்கூட ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம் என்றது அது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. தனியாக ஓடினால் பைத்தியம் என்பார்கள், இரண்டு பேர் ஓடினால் எக்ஸர்சைஸ் என்பார்கள் என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டீர்கள்.

பாதித் தூரத்தில் திரும்பி வரச் சொன்னது அந்தத் தாள். எழுதியவருக்கு நம் ஊரைத் தெரியாது. செங்கம் ரோட்டில், கிரிவலம் போகிறவர்களைப் போல மலையை வலப்பக்கம் வைத்துக் கிளம்பிவிட்டால் நீங்கள் திரும்புகிற ஆள் இல்லை. முதல் நாள் இதை இருவருமே யோசிக்கவில்லை. நேரம் முடிந்ததும் நான் திரும்பினேன். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். பஸ்ஸுக்குக் கையில் சில்லறை இல்லை. அடி அண்ணாமலை வழியாக மலையை முழுதாகச் சுற்றி நடந்து, அன்று இருவரும் அரை நாள் லீவு போட்டோம். அதன் பிறகு பஸ் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவீர்கள். முன்னோக்கியே ஓடி, செங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஊர் திரும்புவோம். பஸ்ஸில் வருவது கணக்கில் சேராதாம். வந்த வழியே ஓடிப் போகக் கூடாதா என்று ஒருநாள் கண்டக்டர் கேட்டார். புடவையைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூவோடு உட்கார்ந்திருந்த நீங்கள், "மலையை எடது பக்கம் விட்டு நடக்க எனக்கு என்ன தலையெழுத்து? நீ விசில் ஊதுப்பா" என்றீர்கள்.

நான்காவது வாரத்தில் நான் நின்றுவிட்டேன். பெண் பார்க்க வரப்போகிறார்கள், ரோட்டில் ஓடுகிற பெண் என்று பேச்சு வரக்கூடாது என்றார் அப்பா. ஒரே ஒருமுறைதான் சொன்னார். நானும் சரி என்றேன். சாப்பாட்டு நேரத்தில் நாவல்களில் வரும் கோழைப் பெண்களைப் பற்றி உங்களிடம் அவ்வளவு பேசியவள் நான். இதை எந்த முகத்தோடு சொல்வது? முழங்கால் வலி என்றேன். மறுநாள் என் மேசை மேல் ஒரு தைலப் புட்டி இருந்தது. அது தீர்ந்ததும் இன்னொன்று வந்தது. தினமும் காலையில் "கம்மியாச்சா?" என்று கேட்பீர்கள். உங்களுக்கு வாசனை வரவேண்டுமே என்பதற்காக, வலிக்காத காலில் தேய்த்துக்கொண்டு ஆபீஸ் வந்தேன்.

ஐந்து மாதம் போயிற்று. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. ஒரு விடியற்காலையில் ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து பார்த்த அம்மா, "அப்பா எந்திரிக்கறதுக்குள்ள வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தீர்கள். ஒவ்வொரு வாரத்தையும் திரும்பத் திரும்ப ஓடி, தனியாகவே ஏழாவது வாரம்வரை போயிருந்தீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். "ஒண்ணுல இருந்துதான். ஒடம்பு மறந்துடும்மா, அதை அதட்டக் கூடாது" என்றீர்கள். ஒவ்வொரு நிமிட ஓட்டம் முடியும்போதும் எனக்கு மூச்சு இரைத்தது. உங்களுக்கு இரைக்கவில்லை. எனக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றீர்கள்.

நான்காவது ஓட்டத்தில் எதிரே சைக்கிளில் அப்பாவின் நண்பர் வந்தார். முகத்தை மறைக்கக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கவனிக்காமல் போய்விட்டார். நீங்கள்தான் பதறிப்போய் என் பக்கத்தில் மண்டியிட்டீர்கள். பஸ் நிற்கும் இடம் இன்னும் தள்ளி இருந்தது. பின்னால் என் தெரு கிட்டத்தில். முன்னால் ஒருமுறை பார்த்தீர்கள், மலையை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு என் கையை எடுத்து உங்கள் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினீர்கள்.

"அக்கா, மலை..." என்றேன்.

"தெரியும்மா. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வெயிட்ட என் மேல போடு."

ஒரு கிலோமீட்டர் இருக்கும். வழி நெடுகத் தலையைக் குனிந்துகொண்டே நடந்தீர்கள், இடப்பக்கம் பார்க்கவேயில்லை. நான் நொண்டினேன். நடுவில் எந்தக் கால் என்பது மறந்து, கால் மாற்றி நொண்டினேன். நீங்கள் கவனித்தீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் பிடி தளரவில்லை. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த மின்கம்பம் வந்ததும் சொல்லலாம், அதற்கடுத்த கம்பத்தில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வீடு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம், நாளையிலிருந்து ஓடப்போகிறேன் என்று அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவரிடம் சொல்ல முடிந்த எனக்கு உங்களிடம் சொல்ல முடியவில்லை. கோபப்படுகிறவரிடம் உண்மை சொல்வது எளிது என்று அப்போதுதான் தெரிந்தது. யாராவது என்னை அப்படியே நம்பி ஏதாவது செய்யும்போது, உங்கள் தோளின் அந்த எலும்பு இன்னும் என் கைக்கடியில் தட்டுப்படுகிறது.

ஒன்பதாவது வாரத்தைத் தை மாதத்தில் முடித்தோம். அடுத்த வருடம் உங்களுக்கு ஆரணிக்கு மாற்றல் வந்தது. மூன்று வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு நீங்கள் போய்விட்டீர்கள். சேதி என்னிடம் வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.