வேப்பமரத்தடிக் கல்

ஆடி 28, புதன். தென்காசி. சாரல் விடவில்லை.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் விமானம் ஓட்டப் பழகிய பொட்டலுக்கு இன்று லண்டனிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பயிற்சியில் விழுந்து செத்து, உடலும் கிடைக்காமல் போன ஒருவன் அவருடைய பெரியப்பா. விழுந்த இடத்தைக் காட்டத் தோட்டக்காரர் இசக்கி என்னையும் கூட்டிப் போனார்.

அந்த இடம் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வாத்தியாராக இருந்தபோது பள்ளி ஆண்டு மலரில் அந்த விபத்தைப் பற்றி எழுதினேன். கட்டுரைக்கு ஒரு இடம் வேண்டுமே என்று பொட்டலை ஒட்டிய இசக்கி தோட்டத்து வேப்பமரத்தைச் சேர்த்துக்கொண்டேன். அடுத்த வருஷமே மரத்தடியில் கல் நட்டுவிட்டார்கள். பைலட் சாமிக்குச் சிகரெட்டும் சாராயமும் படையல். நானும் போய்க் கும்பிட்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் கல்லைத் தொட்டு அழுதார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவிட்டார். அவருடைய அப்பாவின் சாம்பல். அண்ணன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும் என்பது அப்பாவின் கடைசி ஆசையாம். இசக்கி குழி தோண்டினார். எனக்கும் ஒரு பிடி சாம்பலைக் கொடுத்தார் அந்த அம்மாள். போட்டேன்.

திரும்பும்போது இசக்கி சொன்னார். "நீங்க எழுதலேன்னா அந்தப் புள்ள அநாதையால்லா கெடந்திருக்கும், சார். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கல்வெட்டு வச்சிருவோம். காலைல கல்லு கொத்துறவன் வருதான். வாசகத்த எழுதி வையுங்க. கீழ உங்க பேரும் இருக்கணும்."

காகிதத்தை எடுத்து வைத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. இதுவரை என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.