கேன்டீன் என்று நான் பெயர் வைத்த பெட்டி

ஜூலை 7, 2025. திங்கள்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையும் மெஷின்களையும் இணைக்கும் நெட்வொர்க் பெட்டிகள் அறுபத்தொன்றுக்கும் நான் வைத்த பெயர்ப் பட்டியலைப் புதிய நிர்வாகி பாஸ்கரன் சாரிடம் காட்டினேன். எந்த அறையில் என்ன நடக்கிறதோ அதுவே பெட்டியின் பெயர்: எக்ஸ்ரே, மருந்தகம், கேன்டீன். ரூம் நம்பர் வைத்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? "நல்லா இருக்கும்மா சுராயா" என்றார். காட்டூரில் வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

நாளை முதல் பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் புதிது மாட்ட வேண்டும். கேன்டீனில் ஆரம்பம். அரை மணி நேரம் பில் போடாவிட்டால் குடி முழுகிவிடுமா என்ன?

ஜூலை 8. செவ்வாய்

பகல் பதினொன்றுக்கு டெக்னீஷியன் பிராங்க்ளினுக்குப் போன் செய்தேன். "கேன்டீன் பெட்டிய அணைச்சிடுங்க." அவர் வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான், பெட்டி படிக்கட்டு அலமாரியில் இருக்கிறது, எந்த அறைக்கானது என்று அங்கிருந்து தெரியாது. அணைத்தார். எட்டாவது நிமிஷம் நர்ஸ் ஆஷ்லி போனில்: "மேடம், ஹார்ட் வார்டு மானிட்டர் எதுவும் எங்க ஸ்கிரீன்ல வரல. ஆறு பேருதும் வரல."

கேன்டீன் போன வருஷமே பின்கட்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது இதய நோயாளிகள். பெட்டி அதேதான், பெயரும் அதேதான்.

மூன்றாம் படுக்கை ஸ்ரீரங்கத்துக்காரருக்கு அந்த நேரம் பார்த்துத் துடிப்பு தாறுமாறாகியிருக்கிறது. தலைமாட்டில் மெஷின் கத்தவும் மனைவி ஜெகதாம்பாள் ஓடிப் போய் நர்ஸைக் கூட்டி வந்திருக்கிறார். பிழைத்துவிட்டார். அந்த அம்மா டீ வாங்கக் கீழே போயிருந்தால்?

ஜூலை 9

மீதிப் பெட்டிகளை அணைக்கும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 10. வியாழன்

பிராங்க்ளினை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பாஸ்கரன் சார். பார்க்காமல் அணைத்தவர் அவர்தானாம். நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன்டி திறக்கல?

வீட்டுக்கு வந்து பழைய மெயிலைத் தேடினேன். போன வருஷம் ஜூன் மாதம், கட்டடப் பிரிவிலிருந்து எனக்கு — கேன்டீன் இடத்தில் வார்டு வருகிறது, பட்டியலைத் திருத்துங்கள். கீழே என் பதில்: 'மாத்திடலாம்.' மாத்தல. நான்தான். நானேதான்.

ஜூலை 11. வெள்ளி

மெயிலை அச்செடுத்து சார் மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் படித்தார். "இத நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா." பிராங்க்ளினைத் திரும்ப வரச் சொல்லிப் போன் செய்தார். பட்டியல் பொறுப்பு இனி பிராங்க்ளினுக்கு. நான் அவருக்கு உதவி.

ஜூலை 14. திங்கள்

பிராங்க்ளின் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு கதவையும் திறந்து பாத்துட்டு அப்புறம் பேர் எழுதுவோம்" என்றதோடு சரி.

சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு கதவு. அடுத்தது, என் பட்டியலில் 'பழைய சாமான் அறை'. திறந்தோம். உள்ளே இன்குபேட்டரில் குறைமாதக் குழந்தைகள் இரண்டு தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் கால் மட்டும் லேசாக அசைந்தது. எப்போது மாற்றினார்கள் என்றே எனக்குத் தெரியாது.

கேன்டீனுக்கு அடுத்து அணைப்பதற்கு நான் குறித்து வைத்திருந்தது இந்த அறையின் பெட்டியை.

பட்டியலில் இருந்த அந்தக் குறியைப் பிராங்க்ளினும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார்.