கன்னத்துக்குள் வெள்ளை

2024 ஜனவரி 22, திங்கள்
கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் வைத்ததும் இடது கன்னம் தீயாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வெற்றிலை ஒதுக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்காவிடம் காட்டினேன். “சுண்ணாம்பு சுட்டிருச்சுடி. அந்தப் பக்கம் ஒதுக்காத, ஆறிரும்” என்றார்.

பெப்ரவரி 3, சனி
வலப்பக்கம் ஒதுக்குகிறேன். நாக்கு மட்டும் சும்மா இருக்காமல் இடப்பக்கத்தையே தடவுகிறது.

மே 16, வியாழன்
ஆறவில்லை. தேய்த்தாலும் போகவில்லை. சுண்ணாம்பு என்றால் இத்தனை மாதம் இருக்குமா? வீட்டுக்காரரிடம் சொன்னால், “வேலய விட்டுப்புட்டு வாயக் காட்டப் போறியா?” என்பார். இன்னும் ஒன்றுமே சொல்லாத மனுசனோடு மனதுக்குள் சண்டை போட்டுக் களைத்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்
போயேவிட்டேன். லுணுகலை ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். “இது சுண்ணாம்பு சுட்டது இல்லம்மா. இப்படியே விட்டா புத்துநோயா மாறலாம்.” வலப்பக்கத்திலும் தொடங்கியிருக்கிறதாம். நல்லா இருந்த கன்னத்தையும் நானே கெடுத்துக்கிட்டேனே! பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 20, வியாழன்
பதுளையில் வாய் மரத்துப்போக விறைப்பூசி போட்டு, சோதிக்க ஒரு துணுக்குச் சதை வெட்டினார்கள். வீட்டுக்காரர் கூடவே வந்தார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி
சாகப்போறேனா, இல்லையா? சொல்லித் தொலைங்களேன்.

ஜூலை 3, புதன்
புற்றுநோய் இல்லை. இன்னும் இல்லை — டாக்டர் அப்படித்தான் சொன்னார். “நல்ல நேரத்துல வந்தீங்க. வெத்தல, பாக்கு, புகையில எதையும் இனித் தொடக்கூடாது. வரச் சொல்ற நாள்ல தவறாம வரணும்.” பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று நினைத்து யாரோ ஓர் அம்மா ஆறுதல் சொன்னார்.

ஜூலை 22, திங்கள்
வாயில் ஒன்றும் இல்லாமல் மலையில் நிற்பது பைத்தியம் பிடிக்க வைக்கிறது. தேத்தண்ணி நேரத்தில் எல்லாரும் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொள்கிறார்கள். அவர்களையும் விடச் சொன்னதிலிருந்து நான் போனாலே, “ஜெயலெட்சுமி டாக்டரு வந்துட்டாங்க, வாயத் தொறங்கடி” என்று சிரிப்பு. அதிகம் சிரிப்பது மாரியாயி அக்காதான். அவர் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்றிருக்கிறது.

ஓகஸ்ட் 12, திங்கள்
கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுத் திரும்பும்போது மாரியாயி அக்கா என் பின்னாலேயே வந்தார். யாரும் இல்லாத வளைவில் நிறுத்தி, வாயைத் திறந்தார். முழுதாகத் திறக்க முடியவில்லை. நாக்குக்கு அடியில் செக்கச்செவேலென்று ஒரு புண்.

“எப்ப இருந்துக்கா?”

“ஒனக்கு வர்றதுக்கு முன்னாலயே. சுண்ணாம்புன்னு ஒனக்குச் சொல்லலடி, எனக்கே சொல்லிக்கிட்டேன்.”

இத்தனை நாள் அவர்மேல் எவ்வளவு கோபம் வைத்திருந்தேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கும் இன்னும் நேரம் இருக்கவேண்டும்.