பிள்ளைகளைக் கரை சேர்க்கும் படகு

கிர்ஸ்டி,

அடுப்பில் காபி இருக்கிறது. பொரித்த மீனும் ரை ரொட்டியும் மூடி வைத்திருக்கிறேன். நெஞ்சு டாக்டரைப் பார்க்க பக்கத்து வீட்டு ரெய்னோவின் வண்டியில் துலூத் நகரத்துக்குப் போகிறேன்.

படகு விற்கிறவன், எது வேண்டும் என்று பதில் கேட்டுச் சாயங்காலம் வருவான். இரண்டு படகையும் பார்க்கச் சொல்லி நம் துறையிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறான். "ரெண்டும் அலுமினியந்தான் பெரியவரே, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான். "கண்ண மூட எனக்கு இன்னும் நாள் இருக்குடா" என்றேன். அவன் பேச்சை நம்பாதே.

நேற்று நீ சிவப்புப் படகைக் கேட்டதற்கு, "உனக்கு என்னடி தெரியும்?" என்று கத்தினேன். எனக்குப் பிடித்தது பச்சை. அதன் மோட்டாரைக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். சிவப்புக்குச் சாவி திருப்பினால் போதும். அப்புறம் யோசித்தேன். ஏரி நடுவில் என் நெஞ்சு நின்றுபோனால் உன் பிள்ளைகளைக் கரை சேர்க்க நீதான் இருப்பாய்.

இரண்டையும் தனியாக ஓட்டிப் பார். காற்றிலும் எதை உன்னால் துறைக்குத் திருப்பிக் கொண்டுவர முடிகிறதோ, அதையே எடு. சிவப்பின் சாவி என் காபிக் குவளையில் இருக்கிறது.

அப்பா

மிதவைச் சட்டை போட்டுக்கொள்.

பிள்ளைகளிடம் காரணம் சொல்லாதே. தாத்தாவுக்குச் சோம்பல், இனி அம்மாதான் ஓட்டுவாள் என்று சொல்.