நாற்பது புகைக்குழல்களின் வழக்கு

நலம் பெருகுக! மூன்று ஆறுகள் பாயும் வெண்ணாவல் நாட்டை ஆள்பவரும், பசித்து வந்தவருக்குக் கதவு சாத்தாத மாளிகையின் தலைவியும், நாவற்கனி இலச்சினை உடையவருமாகிய பெருந்தேவி ஆழிநங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கேட்டு எழுதிய திருமுகம். கீழ்மலைக் கூற்றத்தில் பெண்களுக்கு இல்லம் பேணக் கற்பிக்கும் மனைநலச் சாலைகள் பதினெட்டுக்கும் கண்காணியாகிய அருங்கோவன் இதை நின்று வாங்கி, அமர்ந்து படிப்பாராக. உமது கூற்றத்தில் பருவமழை பொய்யாதிருக்க. உலைநீர் கொதிக்காத வீடு ஒன்றும் இல்லாதிருக்க. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் இருமாமல் உறங்குக.

புரட்டாசித் திங்களில் நீர் விடுத்த குற்ற ஓலை வந்து சேர்ந்தது. வரகாடி ஊரில் சாலை ஆசிரியையாக இருக்கும் சேந்தி, அடுப்புகளுக்கென அரசு வழங்கிய புகைக்குழல்கள் நாற்பதிலும் அரச முத்திரை இருந்த இடத்திலேயே துளையிட்டிருக்கிறாள் என்றும், முத்திரையைச் சிதைத்தவரைப் பணியிலிருந்து நீக்கி இனி எந்தச் சாலையிலும் சேர்க்கலாகாது என்பது விதி என்றும், அவ்விதிப்படி செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். சேந்தி உம் மனைவி என்பதை நீர் எழுதவில்லை. அது நாடறிந்த செய்தியாதலால் எழுத வேண்டியதும் இல்லை.

பணி போனால் மனைவி தன்னோடு வந்து வாழ்வாள் என்று திட்டமிட்டுத்தான் அருங்கோவன் இப்படி எழுதினார் என்று அவையில் சிலர் பேசினார்கள். நாம் உமது ஓலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மற்ற எழுத்தெல்லாம் கோத்த முத்துப்போல் இருக்க, அவள் பெயர் வந்த இடத்தில் மட்டும் எழுத்தாணி ஆழப் பதிந்து ஓலை பொத்துப் போயிருந்தது. ஆசையோடு எழுதிய கை அப்படி ஊன்றாது. ஆகவே அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினோம்.

பிறகு சேந்தியிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினோம். அவளுடைய பதில் வந்தது. பதிலுக்குப் பின்னாலேயே வரகாடியிலிருந்து ஒருத்தி நடந்தே வந்து சேர்ந்தாள். இருவரும் சொன்னதைச் சேர்த்து, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதச் செய்கிறோம். இதில் பெரும்பகுதி நீர் அறியாதது. இரண்டு நாள் வழித் தொலைவிலேயே இருந்தும் அறியாதது.

சேந்தி வரகாடிக்குப் போய் மூன்றாம் ஆண்டு நடக்கிறது. நமது சாலைகளில் கற்பிக்கும்படி நாம் வகுத்தவற்றை எல்லாம் அவள் கற்பித்தாள். கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைக்கவும், கேழ்வரகை முளைகட்டிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சவும், சந்தையில் தானியம் வாங்கும்போது படியின் அடிப்பக்கம் உள்ளே மேடாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கவும் அந்த ஊர்ப் பெண்கள் கற்றார்கள். முதல் தைத் திங்களிலேயே நாற்பது வீடுகளிலும் புகைக்குழல் வைத்த அடுப்பு எழுந்தது. சுட்டமண் குழல், அடுப்பிலிருந்து பரண் வழியாக ஏறிக் கூரைக்கு வெளியே புகையைக் கொண்டுபோய் விட்டது. பரண் உயரத்தில், நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி, நமது நாவற்கனி முத்திரை. பெண்களின் கண் எரிச்சல் போயிற்று. பிள்ளைகளின் இருமலும் போயிற்று. அவள் மனநிறைவோடு உமக்கு எழுதிய ஓலைகளெல்லாம் அந்த நாட்களில் எழுதியவையே.

அந்த ஆடியில் விதைப்பு பொய்த்தது. விதைக்கென்று வைத்திருந்த அவரையைத் தட்டினால் மாவு கொட்டியது. சோளக் கதிரை உதிர்த்தால் வண்டு ஓடியது. ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்த சேந்தி, மறு அறுவடையில் விதையை நன்றாக வெயிலில் காயவைத்து வேப்பிலை கலந்து வைக்கச் சொன்னாள். பெண்கள் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு விளங்காமல் இருந்தது.

பங்குனியில் ஒரு நண்பகல், முன்கூட்டிச் சொல்லாமல் வெள்ளச்சி என்பவளின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள் வெள்ளச்சி. நாக்கு மட்டும் பத்துப் பேருக்கானது. உள்ளே கை தெரியாத புகை. குழலின் வாயில் ஈரத்துணி பந்தாக அடைத்திருந்தது. கடைக்குட்டி இருமிக்கொண்டிருந்தது.

"என்ன வெள்ளச்சி, குழலுக்குள்ள எலி விழுந்துடுச்சா?" என்று கேட்டாள் சேந்தி.

"எலியும் இல்ல, பூனையும் இல்ல தாயி. நாந்தேன் அடைச்சேன். ஒன் அடுப்பு தங்கமான அடுப்பு, அதுல கொற சொல்ல மாட்டேன். ஆனா பொக இல்லாத பரண்ல வெத தங்க மாட்டேங்குது. எங்களுக்கே மொதல்ல தெரியல. வெத பரண்ல இருக்குன்னுதேன் நெனச்சோம். பொகையிலதேன் இருந்திருக்கு. போன ஆடியில பக்கத்து ஊருக்குப் போயி வெதைக்குக் கையேந்திட்டு வந்தோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எம் புள்ளைக்குக் கஞ்சி காச்சி ஊத்தி எழுப்பி விட்டவ நீயி. ஒன் அடுப்பு ஆகலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது? நீ வர்றது தெரிஞ்சா துணிய உருவிருவோம். தெருவத் தாண்டுனதும் அடைச்சிருவோம். இன்னைக்கு நீ சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னுட்ட."

"எத்தனை வீட்டுல இப்படி?"

"எந்த வீட்டுல இல்லன்னு கேளு."

சேந்தி அங்கேயே ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, தன் மனம் நோகக் கூடாது என்று நாற்பது குடும்பங்கள் மாதக்கணக்கில் புகையை மறைத்து விளையாடியதை நினைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. தன் அடுப்பு மூச்சைக் காத்தது, விதையைக் கொன்றது. இவர்கள் விதையைக் காக்கப் பிள்ளையின் மூச்சைக் கொடுக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி எந்தத் தாயையும் விடலாகாது என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று முதல் அவளும் வெள்ளச்சியும் மண் பிசைந்தார்கள். உமி கலந்த களிமண்ணில், பரண்மேல் குழலை அணைத்தாற்போல் ஒரு பெட்டி. அதற்கு இறுக மூடும் மூடி; கூரைக்கு வெளியே மூச்சுவிட ஒரு சிறு துளை. விதைக் கதிரையும் சுரைக்குடுக்கையையும் அதனுள் தொங்கவிட்டு, குழலில் துளையிட்டால், புகை பெட்டிக்குள் போய் விதையைத் தழுவிவிட்டு வெளியேறும். சமைப்பவள் கண்ணுக்கு வராது. ஆட்டுக்கல் கொத்தும் உளியால் முதல் துளையைப் பரணை ஒட்டிக் கீழே இட்டார்கள். சூட்டில் விதை வறுபட்டது. அதை அடைத்துவிட்டு இரண்டு சாண் மேலே இட்டார்கள். புகை எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் மிஞ்சிய இடத்தில் நமது முத்திரை இருந்தது.

விதியைச் சேந்தி அறிவாள். ஒரு பகல் முழுதும் உளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள் என்று வெள்ளச்சி சொல்கிறாள். பிறகு எழுந்து துளையிட்டாள். இந்த ஆடியில் வரகாடியில் விதைத்தது அத்தனையும் முளைத்தது.

புரட்டாசியில் நீர் போனீர். இரண்டு ஆண்டுக்குப் பின் கணவனைக் காணும் மகிழ்ச்சியில் அவள் அவரைப் பொரியலும் தினைச் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். சோதிக்கும் ஊரில் கண்காணி கை நனைக்கலாகாது என்ற விதிப்படி நீர் மரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தீர். ஊரே அதைப் பார்த்தது.

"ஏ தாயி, ஒம் புருசன் தாலி கட்டுனது ஒனக்கா, அடுப்புக்கா?" என்று வெள்ளச்சி கேட்டாளாம். "வந்ததுலருந்து அதத்தேன் சுத்திச் சுத்தி வர்றாரு."

"சும்மா இரு வெள்ளச்சி. அவர் கேட்பார்," என்றாளாம் சேந்தி.

கடைசிக் குழலையும் பார்த்த பிறகு நீர் கேட்டது ஒன்றே: "நாற்பதிலுமா?" அவள், "நாற்பதிலும்," என்றாள். அடுத்த கேள்விக்காக நின்றாள். அது வரவில்லை. தானாகச் சொன்னால் மனைவி சொல்லிக் கண்காணி மனம் மாறினார் என்ற பழி உமக்கு வரும் என்று வாயை மூடிக்கொண்டாள். நீர் ஓலைக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தபோது, ஒருமுறையாவது திரும்புவார் என்று வழி வளையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், தன் சேலைகளையும் ஓலைச் சுவடிகளையும் மூட்டையாகக் கட்டி வைத்தாள். அது இன்னும் கட்டியபடியே இருக்கிறது என்று அறிகிறோம்.

நமக்கு எழுதிய பதிலில், துளைகள் நாற்பதும் தன் கையால் இட்டவை, ஊராருக்கு இதில் பங்கில்லை, கண்காணி எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று அவள் கூறியிருந்தாள். ஆறு நாள் நடந்து அவைக்கு வந்த வெள்ளச்சியோ, வணங்கி எழுந்த கையோடு அதை மறுத்தாள்.

"மகராணி, அது சொல்றது பச்சப் பொய். ஒரு தொளைதேன் அது போட்டுச்சு. மத்த முப்பத்தொம்பதும் அவ அவ வீட்டுல அவ அவ போட்டது. தாயிய வெலக்குறதுன்னா எங்க நாப்பது பேரையும் சேத்து வெலக்குங்க. நாங்க ஊர விட்டு எங்குட்டுப் போறதுன்னும் நீங்களே சொல்லிருங்க."

அரச முத்திரையைச் சிதைப்பது குற்றம் என்று தெரியாதா என்று நமது அமைச்சர் வினவினார்.

"தெரியும் சாமி. கீழ போட்டா வறுபடுது, மேல போட்டா பொக வரல. நடு எடத்துல ஒங்க நாவப்பழம் சட்டமா ஒக்காந்திருந்துச்சு. அது அங்க ஒக்காந்து என்ன செய்யுதுன்னு பாத்தோம். ஒண்ணுஞ் செய்யல."

நாம் சிரித்துவிட்டோம், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவள் இடுப்பிலிருந்து இரண்டு முடிச்சுகளை எடுத்து அவிழ்த்தாள். இரண்டிலும் அவரை விதையைப் புறப்பட்ட அன்று ஈரத்துணியில் முடிந்து, வழிநெடுக ஓடைதோறும் நனைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒன்றில் ஓட்டை விழுந்த பழைய விதை அழுகிக் கிடந்தது. மற்றதில், பெட்டிப் புகையில் இருந்த விதையில், விரல் நீளத்துக்கு வெண்முளை. இதைவிட நல்ல சாட்சியம் இந்த அவையில் இதுவரை வைக்கப்படவில்லை.

ஆகவே ஆணையிடுகிறோம். சேந்தி தன் பணியில் நீடிக்கிறாள். வெண்ணாவல் நாட்டில் இனி வனையப்படும் புகைக்குழல் ஒவ்வொன்றும் வரகாடியில் துளை உள்ள இடத்திலேயே துளையோடு வரும். முத்திரை வேண்டுமானால் வேறிடம் தேடிக்கொள்ளட்டும். முத்திரை பற்றிய விதி நாம் வகுத்தது. விதை எங்கே தொங்குகிறது என்று கேளாமல் அடுப்பை அனுப்பியதும் நாமே. அந்தக் குறையை நம் பெயரிலேயே பதிந்துகொள்க. இனி எந்த மனைநல ஆணையும், ஓர் ஊரில் ஒரு தையிலிருந்து மறு தைவரை புழங்கிப் பார்த்த பின்னரே நாடெங்கும் செல்லும்.

அருங்கோவரே, நீர் பார்த்ததும் எழுதியதும் சரி. மனைவி என்பதற்காக ஓர் எழுத்தைக்கூட நீர் வளைக்கவில்லை. அதற்காக உம்மை மதிக்கிறோம். ஆயினும் ஏன் என்று கேளாதது பெருங்குறை. எனவே கண்காணிப் பொறுப்பைத் தற்காலத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, அடுத்த ஆடி முடியும்வரை வரகாடியில் சேந்தியின் கீழ் எழுத்தராக இருப்பீராக. அந்த நாற்பது வீட்டுப் பெண்களும் அடுப்பைப் பற்றியும் விதையைப் பற்றியும் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்பும். கண்டிக்கப்பட்டதாகக் கருதினாலும் சரி, வேறு விதமாகக் கருதினாலும் சரி, ஆணை ஆணையே.

வெள்ளச்சியை இங்கேயே நிறுத்தியிருக்கிறோம். விதைப்பெட்டி கட்டும் வகையை அவள் நமது குயவர்களுக்குக் கற்பிக்கிறாள். அவர்கள் பிசையும் மண் பிடிக்காமல் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆகையால் தீர்ப்பு இன்னும் வரகாடிக்கு எட்டவில்லை. வேறு தூதரையும் நாம் அனுப்பவில்லை. அங்கே ஒருத்தி கட்டிய மூட்டையோடு, யாராவது வந்து போகச் சொல்வார்கள் என்று காத்திருக்கிறாள். நீரே இந்த ஓலையை எடுத்துச் சென்று முதலில் தீர்ப்பைப் படித்துக் காட்டும். பிறகு, அன்று கேளாமல் விட்டதை அவளிடமே கேளும். விடை மேலே எழுதியிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்.

ஐப்பசி வளர்பிறை ஐந்தாம் நாள், காலை உலை ஏற்றும் வேளையில், பெருந்தேவியார் கண்முன் நாவற்கனி இலச்சினை இடப்பட்டது. இந்நாட்டில் அடுப்பு எரியும் காலமெல்லாம் இவ்வாணை செல்வதாக. உமது இருப்பிடத்திலிருந்து வரகாடி இரண்டு நாள் வழி. மனசு இருந்தால் ஒன்றரை நாளில் போகலாம் என்கிறாள் வெள்ளச்சி. புறப்படும்.